எட்டாவது பூச்சு

கிள்ளானிலிருந்து கொண்டுவந்த பெட்டியில்
பன்னிரண்டு தூரிகை,
முதுகில் என் பெயர் அச்சிட்ட மஞ்சள் மேலங்கி,
கொசுவுக்கு இரண்டு மருந்து.
மூன்று மாதம், திருகோணமலை.
டச்சு பே கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் பள்ளிக்கூடம்.
அலை கேட்கும்; தெரியாது.

"பசியாறிட்டீங்களா?" என்றேன் முதல்நாள் காலையில்.
வகுப்பே சிரித்தது.
"மிஸ் வடிவாக் கதைக்கிறா,
ஆனா படத்தில வாற ஆக்கள் போலயும் இல்ல"
என்றாள் நிரோஜினி.
காது கேளாத சுதர்மனுக்கு
என் தமிழில் குறையொன்றும் இல்லை.
அவன் எனக்கு ஒரு பெயர் வைத்தான்:
புறங்கையால் நெற்றியை வழித்து
வியர்வையை உதறுவது.
மறுநாள் பள்ளி முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டது,
அதிபர் உட்பட.

எனக்குத் தந்த வேலை சுவர்.
வாசலுக்கு வலப்புறம், இருபதடி.
டொல்பின் வரையச் சொல்லிக் காசு வந்திருந்தது.
பழையதைச் சுரண்டினேன்.
டொல்பினுக்கு அடியில் யானை,
யானைக்கு அடியில் வானவில்,
அதற்கும் அடியில் இன்னொரு டொல்பின்.
அதன் கண்ணோரம் யாரோ ஒருத்தி
கொரிய எழுத்தில் ஏதோ விட்டுப் போயிருக்கிறாள்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் இர்ஷாத்,
பதினாறு வயது, பார்வையில்லாதவன்,
சுரண்டிய விளிம்பில் நகத்தை வைத்து
மெல்ல இறக்கினான்.
"உங்கட எட்டாவது, மிஸ்."
குற்றமாகச் சொல்லவில்லை.
பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னான்.

கமலதாசுக்கு இருபத்தெட்டு.
பஸ் நிலையத்தில் லொத்தர் விற்றுவிட்டுப்
பின்னேரம் கணினி வகுப்புக்கு வருவார்.
வாசலில் இரண்டு படி.
இரண்டே படி.
சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்குவார்கள்.
சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு
அவர் வானத்தைப் பார்த்தபடி ஏறுவார்.
ஒருநாள் நானும் ஒரு சக்கரம் பிடித்தேன்.
"கவனம், மாப்பிள்ளை ஊர்வலம்" என்றார்.
எல்லோரும் சிரித்தோம்.
இறக்கியபின்
அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெயின்ட் காசில் சீமெந்து வாங்கலாமா என்று
சங்கத்துக்கு எழுதினேன்.
பதில் நன்றியில் தொடங்கியது.
காசு சுவருக்காம்.
பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி
நாலு படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

வரைந்தேன். டொல்பின் நன்றாகவே வந்தது.
பிள்ளைகள் சிரித்ததும் பொய்யில்லை.

கடைசி வார ஞாயிற்றுக்கிழமை
மூன்று மூட்டை சீமெந்து ஆட்டோவில் வந்து இறங்கியது.
பின்னால் கமலதாஸ்,
தம்பலகாமத்து மேசன் புவிராஜோடு.
"ஆர் குடுத்தது?" என்று அதிபர் கேட்க,
"நானும் ஒரு டிக்கெட் எனக்கெண்டு வச்சனான்" என்றார்.
அது உண்மையா பகிடியா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் தண்ணீர் சுமந்தேன்.
கிணறு பின்வளவில். பதினேழு வாளி.
முதல் சரிவு செங்குத்தாகிவிட்டது.
"இதில இறங்கினா நேரே நிலாவெளிதான்."
இடித்தார்கள். மறுபடி நீளமாகக் கட்டினார்கள்.
சுதர்மன் மட்டப்பலகை பிடித்தான்;
என்னைப் பார்த்து நெற்றியை வழித்து உதறினான்.
கூப்பிட்டானா, அவனுக்கே வியர்த்ததா?

திங்கள் காலை முதலில் வந்தவன் இர்ஷாத்.
மண்டியிட்டு
ஓரமாய் உள்ளங்கையால் தடவி ஏறினான்.
பாதியில் விரல்கள் நின்றன.
பிளந்த குளம்பு ஒன்று.
சாணளவு தள்ளி இன்னொன்று.
கோட்டையிலிருந்து இறங்கி
மீன்கடை, பஸ் நிலையம் என்று
ஊரெல்லாம் அலையும் மான்களில் ஏதோ ஒன்று
ஈரத்தில் நடந்திருக்கிறது.
"ஏறியிருக்கு மிஸ்.
இறங்கின அடி இல்ல."

இருவரும் வராந்தாவுக்குள் காது கொடுத்தோம்.

தடத்தைப் பூசட்டுமா என்றார் புவிராஜ்.
கிடக்கட்டும் என்றார் கமலதாஸ்.
ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும்,
அதுவரை சக்கரம் ஏற்றக் கூடாது.

எனக்கு வியாழன் விமானம்.
விடியற்காலை, ஆட்டோ வெளியே இரைய,
ஒரு வாளி ஊற்றினேன்.
குளம்புக்குழிகளில்
தண்ணீர் நின்றது.